கனடாவுக்குக் கேட்குதா? ஒரு சோடி இயர்பட்ஸைத் தினமும் பாவித்துப் பார்த்தது

எந்த இயர்பட்ஸ் வாங்கலாம் என்று ஆபீசில் கூட வேலை செய்கிற பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு மொடல் பெயரைச் சொன்னால் போதும் என்பது அவர்களுடைய எண்ணம். பெயரைச் சொல்வதில் பெரிய பிரயோசனம் இல்லை. இன்றைக்கு யாழ்ப்பாணம் டவுனில் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருக்கிற சாமான் அடுத்த பொங்கலுக்கு இருக்காது, அதே பெயருக்குப் பின்னால் ஒரு இலக்கம் கூடி வேறொன்று வந்திருக்கும், விலையும் டொலரோடு சேர்ந்து ஏறியோ இறங்கியோ நிற்கும். ஆனால் ஒரு சோடியை எப்படிப் பார்த்து எடுப்பது என்கிற விஷயம் அவ்வளவு கெதியில் மாறாது. நான் சில மாதங்களாகப் பாவிக்கிற சோடி ஏறக்குறைய 12,000 ரூபாவுக்கு வாங்கியது, நடுத்தர விலை. அதை வைத்தே எழுதுகிறேன்.

யூடியூப்பில் வருகிற விமர்சனங்களில் முக்கால்வாசி பாட்டைப் பற்றியது. பேஸ் என்கிற அடியொலி எப்படி, குரல் எப்படி, எத்தனை மில்லிமீற்றர் ஸ்பீக்கர் என்று போகும். அதெல்லாம் தேவைதான். ஆனால் எங்கட ஊரில் ஒருவர் நாளொன்றுக்கு இயர்பட்ஸைக் காதில் வைத்திருக்கிற நேரத்தைக் கூட்டிப் பாருங்கள், பாதிக்கு மேல் கதைப்பதில்தான் போகிறது. வெளிநாட்டில் ஒருவரும் இல்லாத வீடு இங்கே குறைவு. என் அக்கா ரொறன்ரோவில், சின்ன மாமா லண்டனில், மச்சாள் சுவிசில். கோடையில் ரொறன்ரோவுக்கும் எங்களுக்கும் ஒன்பதரை மணித்தியாலம் வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை. நாங்கள் விடிய ஆறரைக்குத் தேத்தண்ணி குடிக்கும்போது அங்கே கோடையில் இரவு ஒன்பது மணி, பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டு அக்கா ஆறுதலாகக் கதைக்க அந்த நேரம்தான் வசதி. இங்கே அந்த நேரத்தில் அம்மா புட்டு அவிப்பா, நான் ஆபீசுக்கு வெளிக்கிடுவேன், கிணற்றடியில் மோட்டர் ஓடும். ஒருவருக்கும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க ஏலாது. அந்த ஒரு மணித்தியாலத்துக்குத்தான் இயர்பட்ஸ் வேண்டும். அதனால் யாழ்ப்பாணத்தில் இருக்கிற ஒருவர் முதலில் பார்க்க வேண்டியது மைக்கை, பாட்டு அதற்குப் பிறகு என்பதுதான் என் கருத்து, இதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

மைக்கில் என்ன சிக்கல் என்றால், வயர் ஹெட்செட்டில் அது நாடிக்குக் கிட்டத் தொங்கும், இயர்பட்ஸில் காதடியிலேயே நின்றுவிடும். வாயிலிருந்து நாலைந்து அங்குலம் பின்னால், அதுவும் வாய்க்கு நேரே இல்லாமல். உங்கள் குரல் அங்கே போய்ச் சேரும்போது மெலிந்துவிடும், சுற்றியிருக்கிற சத்தமோ குறையாமல் அப்படியே வரும். இதைச் சமாளிக்க ஒவ்வொரு பட்டிலும், அதாவது ஒவ்வொரு காதுக்கும் போடுகிற துண்டிலும், இரண்டு மூன்று மைக் வைக்கிறார்கள். கீழே இருக்கிற மைக்குக்கும் மேலே இருக்கிற மைக்குக்கும் குரல் வந்து சேருகிற நேரத்தில் மிக மிகச் சின்ன வித்தியாசம் இருக்கும், அதை வைத்து வாய்ப்பக்கத்திலிருந்து வருவதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் குறைப்பதற்கு உள்ளே ஒரு சிப் வேலை செய்கிறது. அதற்கு மேல் எது குரல், எது இரைச்சல் என்று பிரிக்கிற மென்பொருள் ஒன்று. தண்டு கீழ்நோக்கி நீண்டிருக்கிற வடிவத்தில் மைக் வாய்க்குக் கொஞ்சம் கிட்ட வரும், அதனால் கதைப்பதற்கு என்று வாங்குகிறவர்கள் உருண்டை வடிவத்தை விட அதைப் பார்ப்பது நல்லது.

நான் இதைச் சோதித்த முறை எளிமையானது. அக்காவுக்கு எந்த இடத்தில் நிற்கிறேன் என்று சொல்லாமல், ஒரே விஷயத்தை வீட்டின் வெவ்வேறு இடங்களிலிருந்தும் வெளியிலிருந்தும் கதைத்துவிட்டு, எங்கே விளங்கவில்லை என்று அவவிடம் கேட்டேன். அறைக்குள் ஃபான் சுற்றும்போது ஒரு பிரச்சினையும் இல்லை, ஃபான் ஓடுவதே அவவுக்குத் தெரியவில்லை. கிணற்றடியில் மோட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதும் அப்படித்தான், எனக்கே அது ஆச்சரியம், ஏனென்றால் மோட்டர்ச் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவருக்கே கத்தித்தான் சொல்ல வேண்டும். ஒரே சீராக இரைகிற சத்தத்தைக் கண்டுபிடித்துக் கழிப்பது அந்த மென்பொருளுக்கு லேசு. குசினிக்குள் போனதும் கதை மாறியது. மூடியைப் பாத்திரத்தில் வைக்கிற டங் என்ற சத்தம், கரண்டி, திடீரென்று திறக்கிற குழாய், இவையெல்லாம் ஒரு கணத்தில் வந்து போகிறவை, அவற்றைக் கழிக்கப்போய் அது என் குரலிலும் சொற்களை வெட்டிவிட்டது. "உன்ர குரல் கிணத்துக்குள்ள இருந்து வாற மாதிரிக் கிடக்கு, பாதிச் சொல்லு விளங்கேல்ல" என்றா அக்கா. மருதனார்மடம் சந்தியில் பின்னேரம் நின்று கதைத்தபோது பஸ்சின் எஞ்சின் இரைச்சல் குறைந்துதான் போனது, ஹோர்ன் மட்டும் ஒன்றும் குறையாமல் அவவின் காதுக்குப் போயிருக்கிறது.

காற்றுத்தான் எல்லாவற்றிலும் மோசம். சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் பண்ணைப் பாலத்தடியில் பின்னேரம் நடக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காற்று மைக்கின் துளையில் நேரடியாக மோதி அதன் மேலேயே ஒரு உறுமலை உண்டாக்குகிறது, அது வெளியில் இருக்கிற சத்தம் அல்ல, மைக்கிலேயே பிறக்கிற சத்தம், ஆகவே இரண்டு மைக்கையும் ஒப்பிட்டுக் கழிக்கிற வித்தை அங்கே எடுபடாது. என் சோடியின் பெட்டியில் காற்றுச் சத்தம் குறைப்பு என்று எழுதியிருந்தது. பண்ணையில் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அக்காவுக்கு ஒரு சொல்லும் போகவில்லை. கோட்டைப் பக்கம் திரும்பி, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றபோது ஓரளவு விளங்கியது. அங்கே கதைக்க வேண்டுமென்றால் போனைக் கையில் எடுத்துக் காதில் வைத்துக் கதைப்பதே நல்லது, எந்த விலைக்கு வாங்கினாலும் பெரிய வித்தியாசம் வரும் என்று நான் நினைக்கவில்லை.

வீட்டிலிருந்து லப்டொப்பில் சூம் கூட்டம் செய்கிறவர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பாட்டுக் கேட்கும்போது புளூடூத் ஒரு வழியில் வேலை செய்கிறது, ஒலி போனிலிருந்து காதுக்கு மட்டும் போகிறது, அதனால் தரம் நன்றாக இருக்கும். மைக்கையும் திறந்த அந்தக் கணத்தில் அது வேறு வழிக்கு மாறி, போவதற்கும் வருவதற்கும் இடத்தைப் பங்குபோடுகிறது, உடனே கேட்கிற ஒலி மெலிந்து தட்டையாகிவிடும். இயர்பட்ஸ் பழுதாகிவிட்டது என்று பலர் நினைப்பது இதைத்தான். சூமின் ஓடியோ அமைப்பில் ஸ்பீக்கருக்கு இயர்பட்ஸையும் மைக்குக்கு லப்டொப்பின் சொந்த மைக்கையும் தெரிவுசெய்துவிட்டால் மற்றவர்களின் குரல் திரும்ப வடிவாகக் கேட்கும். அமைதியான அறையென்றால் உங்கள் குரலும் லப்டொப் மைக்கில் போதிய தெளிவாகவே போகும். எல்.ஈ. ஓடியோ என்கிற புளூடூத்தின் புது ஒலி முறை, 2020 ஜனவரியில் அறிவித்தது, இந்தக் குறையையும் தீர்க்கக்கூடியது, ஆனால் இயர்பட்ஸும் அதோடு இணைக்கிற போனோ லப்டொப்போ இரண்டுமே அதை அறிந்திருக்க வேண்டும். என் மேசையில் இருக்கிற எதுவும் இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை.

கதைப்பதில் இன்னொன்று, ஒற்றைக் காது. அம்மாவுக்கு இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு இருக்கப் பிடிக்காது, கேற்றில் ஆள் கூப்பிட்டால் கேட்க வேண்டும், அடுப்பில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். அதனால் அவ ஒன்றை மட்டும் போட்டுக்கொண்டுதான் அக்காவோடு கதைப்பா. இப்போது வருகிற பெரும்பாலான சோடிகளில் இடது, வலது இரண்டும் தனித்தனியாகவே போனோடு இணையும், எதை எடுத்தாலும் வேலை செய்யும். முந்தைய பலவற்றில் ஒன்று தலைமை, மற்றது அதன் பின்னால், தலைமையைச் சார்ஜ் ஏற்றுகிற பெட்டிக்குள் வைத்தால் கோல் அறுந்துபோகும். வாங்கும்போது இதைக் கட்டாயம் சோதியுங்கள்: கோலில் இருக்கும்போது வலதைப் பெட்டியில் வையுங்கள், பிறகு வலதை எடுத்து இடதை வையுங்கள், இரண்டு முறையும் கோல் தொடர வேண்டும். இது சரியாக இருந்தால் இன்னொரு நன்மையும் உண்டு. ஒன்று காதில் இருக்கும்போது மற்றது பெட்டிக்குள் சார்ஜ் ஏறும், மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு விடிய விடியக் கதைக்கலாம். கலியாண வீடு, செத்தவீடு என்று வந்தால் எங்கள் வீட்டில் அப்படித்தான் கதை போகும்.

சார்ஜ் பற்றிக் கடைப் பெட்டியின் மட்டையில் எழுதியிருப்பதை அப்படியே எடுக்கக் கூடாது. 28 மணித்தியாலம், 40 மணித்தியாலம் என்று பெரிய எழுத்தில் இருப்பது பட்டும் சார்ஜ் பெட்டியும் சேர்ந்த கணக்கு, அதுவும் பெரும்பாலும் பாதிச் சத்தத்தில், வெளிச்சத்தம் காதுக்கு வராமல் குறைக்கும் வசதியை நிறுத்திவிட்டு அளந்தது. என் சோடிக்குத் தனியே 7 மணித்தியாலம் என்று போட்டிருந்தது, அந்த வசதியைப் போட்டால் 5 வரை வருகிறது, தொடர்ந்து கதைத்தால் 4 கூட வராது. கதைக்கும்போது மைக்குகளும் சிப்பும் சேர்ந்து இழுப்பதால் அது இயல்பு. பட் ஒன்றுக்குள் இருக்கிற பற்றரி 40, 50 மில்லி அம்பியர் மணி அளவுதான், போன் பற்றரியில் நூறில் ஒரு பங்கு. 2022 இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன காலத்தை மறக்காதவர்களுக்குச் சார்ஜ் பெட்டியின் கொள்ளளவு முக்கியமாகப் படும், எனக்கும் படுகிறது, 400 மில்லி அம்பியர் மணிக்கு மேல் இருந்தால் நல்லது.

அந்தச் சின்னப் பற்றரிதான் இந்தச் சாமானின் ஆயுளையும் தீர்மானிக்கிறது. லிதியம் பற்றரி சில நூறு தரம் சார்ஜ் ஏறி இறங்கினால் கொள்ளளவு குறையும், வெயில் பட்டால் இன்னும் கெதியாகக் குறையும். ஸ்கூட்டியின் சீற்றுக்குக் கீழே இருக்கிற பெட்டிக்குள் இதை வைத்துவிட்டுப் பங்குனி சித்திரை வெயிலில் வண்டியை விட்டுப் போகாதீர்கள். பட் ஒட்டித்தான் மூடியிருக்கிறது, திறந்து பற்றரி மாற்ற முடியுமா என்று டவுனில் நான் கேட்ட திருத்துகிற கடைகளில் ஒருவரும் ஓம் சொல்லவில்லை, சார்ஜ் பெட்டியின் பற்றரியை மட்டும் மாற்றலாம் என்றார்கள். ஒன்று தொலைந்தாலும் ஒற்றையாக இங்கே வாங்க ஏலாது. ஆகவே 12,000 ரூபா என்பதை இரண்டு வருடத்துக்குப் பிரித்துப் பார்த்தால் மாதம் 500 ரூபா. அந்தக் கணக்கு ஒத்துவந்தால் வாங்கலாம். ஒத்துவராதவர்களுக்கு நல்ல வயர் ஹெட்செட் இன்றைக்கும் ஆயிரம் ரூபா அளவில் இருக்கிறது, அதன் மைக் பெரும்பாலும் இதை விடத் தெளிவு, சார்ஜும் போடத் தேவையில்லை. 2016 செப்டம்பரில் அப்பிள் ஐபோன் 7 இல் வயர் துளையை எடுத்துவிட்டு ஏர்பொட்ஸை அறிவித்த பிறகுதான் மற்றப் போன்களிலும் அந்தத் துளை ஒவ்வொன்றாகக் காணாமல் போனது. துளை இருக்கிற போன் வைத்திருக்கிறவர்கள் அவசரப்படத் தேவையில்லை.

இனிக் காது. கடையில் புதுச் சோடியைப் பிரித்துக் காதில் போட்டுப் பார்க்க விடமாட்டார்கள், அது நியாயம்தான், ஆனால் இந்தச் சாமானின் முக்கால் பங்கு அது காதில் இருக்கிற விதத்தில்தான் தங்கியிருக்கிறது. இரண்டு வகை உண்டு. ஒன்று ரப்பர் நுனியோடு காதுத் துளைக்குள் போய் அடைப்பது, மற்றது வாசலில் சும்மா தொங்கி நிற்பது. அடைக்கிற வகையில் பேஸ் நன்றாக வரும், வெளிச்சத்தம் குறையும், ஆனால் எங்கட புழுக்கத்தில் ஒரு மணித்தியாலம் போட்டால் உள்ளே வேர்த்துக் கடிக்கத் தொடங்கும், சொந்தக் குரல் தலைக்குள் முழங்கும், முறுக்குக் கடித்தால் காதுக்குள் கல் உடைகிற சத்தம். தொங்குகிற வகையில் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை, ஆனால் பஸ்சில் பாட்டு எடுபடாது. எனக்கு அடைக்கிற வகை, அம்மாவுக்குத் தொங்குகிற வகை என்றுதான் இப்போது முடிவாகியிருக்கிறது.

அடைக்கிற வகை வாங்குகிறவர்கள் பெட்டியில் இருக்கிற மூன்று அளவு ரப்பரையும் போட்டுப் பாருங்கள், நடுத்தரம் மாட்டிக்கொண்டு வருகிறது என்பதற்காக அதையே விட்டுவிடாதீர்கள். இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று சட்டமில்லை, எனக்கு இடதுக்கு நடுத்தரம், வலதுக்குப் பெரிது. சரியாக அடைத்திருக்கிறதா என்று பார்க்க, பாட்டைப் போடாமல் வாயை மூடிக்கொண்டு ம்ம்ம் என்று முனகுங்கள், இரண்டு காதிலும் சமமாக முழங்கினால் சரி. ஒரு பக்கம் முழங்காவிட்டால் அந்தப் பக்கத்தில் ஓட்டை இருக்கிறது, அங்கே பேஸ் எல்லாம் வெளியே போய்விடும். பெண்களுக்கு இன்னொரு விஷயம், தோடு. பெரிய தோடு, ஜிமிக்கி போட்டால் நீளத் தண்டு அதில் உரசும், ஒவ்வொரு உரசலும் மைக் வழியாக அக்காவின் காதுக்குப் போகிறது. ஹெல்மெட்டைக் கழற்றும்போது பட் தெறித்து ஓடும், வீதியில் விழுந்தால் கண்டுபிடிப்பது பெரும்பாடு, ஆகவே ஹெல்மெட்டுக்கு முன் அதைக் கழற்றிப் பெட்டிக்குள் போடுங்கள்.

தொட்டால் வேலை செய்கிற கட்டுப்பாடு எனக்குப் பிடிக்கவே இல்லை. தலைமயிரை ஒதுக்கினால் பாட்டு நிற்கிறது, காதைச் சொறிந்தால் கோல் வைத்துவிடுகிறது, முக்கியமான கதையில் இருக்கும்போது அப்படி நடந்தால் வருகிற எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. இயர்பட்ஸுக்கென்று போனில் போடுகிற செயலிக்குள் போய் ஒற்றைத் தட்டலை முற்றாக நிறுத்திவிட்டு, இரட்டைத் தட்டலை மட்டும் விட்டிருக்கிறேன். அமுக்குகிற உண்மையான பொத்தான் இருக்கிற மொடல் கிடைத்தால் அதையே எடுங்கள்.

பாட்டுக்கு வருவோம். நான் இணுவில். இணுவிலும் அளவெட்டியும் தவிலும் நாதஸ்வரமும் ஊறின ஊர்கள், ஆகவே எதை வாங்கினாலும் முதலில் தவில் போட்டுக் கேட்பது என் வழக்கம். இது ஆசைக்காக மட்டுமல்ல, சோதனைக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. தவிலில் வலந்தலை இறுக்கி இழுத்துக் கட்டிய தோல், விரல்களில் கூடு போட்டு அடிப்பது, அதன் சொற்கள் கூராகவும் கெதியாகவும் வந்து விழும். இடந்தலை கழியால் அடிப்பது, அடியொலி அங்கிருந்துதான். நல்ல ஸ்பீக்கர் என்றால் வலந்தலையின் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்க வேண்டும், இடந்தலையின் கும்மென்ற ஒலி எழும்பி அவற்றை மூடக் கூடாது. 1975 இல் காலமான தவில் மேதை தட்சிணாமூர்த்தியின் பழைய ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டேன். வாங்கின கையோடு கேட்டபோது இடந்தலை வீங்கி நின்றது, வேகமான இடங்களில் வலந்தலைச் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இந்த விலையில் வருகிற அநேக இயர்பட்ஸ்களில் பேஸைக் கூட்டித்தான் வைத்திருக்கிறார்கள், சினிமாப் பாட்டுக்கு அது கேட்க நன்றாக இருக்கும். செயலியில் தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கிற ஈகுவலைசரைத் திறந்து பேஸை மூன்று நான்கு டெசிபெல் இறக்கிய பிறகு வித்தியாசம் தெரிந்தது, அந்த விரல்கள் என்ன செய்கின்றன என்று பின்தொடர முடிந்தது, அன்றைக்கு இரவு நான் வேறொன்றும் கேட்கவில்லை.

நாதஸ்வரம் இன்னொரு பக்கத்தைச் சோதிக்கும். அளவெட்டி என்.கே. பத்மநாதனின் வாசிப்பை நடுத்தரத்துக்குக் கொஞ்சம் கூடின சத்தத்தில் போட்டு, மேல்ஸ்தாயியில் நிற்கும்போது காது கூசுகிறதா என்று பாருங்கள். மலிவு இயர்பட்ஸ் பலவற்றில் தெளிவு என்று காட்டுவதற்காக 3,000 ஹேர்ட்ஸுக்கு மேலே இருக்கிற கூரான ஒலிகளைத் தூக்கி வைத்திருப்பார்கள், அது நாதஸ்வரத்தில் ஊசியாய்க் குத்தும். என்னுடையது இதில் தப்பிவிட்டது. பழைய ஒலிப்பதிவில் இன்னொரு உதவியும் உண்டு. அவை பெரும்பாலும் மோனோ, இரண்டு காதுக்கும் ஒரே ஒலிதான் போகிறது, அதனால் சத்தம் தலையின் சரி நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சரிந்தால் ஒன்றில் ரப்பர் சரியாகப் பொருந்தவில்லை, அல்லது இரண்டு பட்டும் ஒரே அளவில் ஒலிக்கவில்லை. கடையில் மாற்றித் தருகிற நாட்களுக்குள்ளேயே இதைச் செய்து பாருங்கள்.

எல்.டி.ஏ.சி., ஏ.ஏ.சி. என்று, புளூடூத்தில் பாட்டைச் சுருக்கி அனுப்புகிற முறைகளின் பெயராக எழுதியிருக்கிற எழுத்துகளுக்காகக் காசு கூட்டிக் கொடுக்க வேண்டாம், பஸ்சிலும் வீதியிலும் அந்த வித்தியாசம் கேட்காது. படம் பார்க்கும்போது உதடும் சத்தமும் பிசகவில்லை. கேம் விளையாடுகிற பெடியளுக்குத் தாமதம் தெரியும்.

சத்தம் குறைக்கும் வசதி பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்காகவே மூவாயிரம் நாலாயிரம் கூடக் கேட்கிறார்கள். வெளியில் இருக்கிற மைக் சத்தத்தைக் கேட்டு, அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே ஒலித்து இரண்டையும் அழிக்கிறது. தாழ்ந்த, நீண்ட இரைச்சலில்தான் இது பலிக்கும். கொழும்புக்கு இரவு பஸ்சில் போகிறவர்களுக்கு எஞ்சினின் உறுமல் பாதிக்கு மேல் குறைந்துவிடும், அந்த ஒன்றுக்கே அது பெறுமதி, வவுனியா தாண்டி நான் நித்திரையே கொண்டுவிட்டேன். ஆனால் பஸ்சில் போடுகிற படத்தின் வசனம், பின் சீற்றில் அழுகிற பிள்ளை, கொண்டக்டர் கூப்பிடுவது, இவை மேல் அதிர்வெண் ஒலிகள், அவற்றைக் குறைப்பது ரப்பர் நுனியின் அடைப்புத்தான், அந்த வசதி அல்ல. தினமும் காங்கேசன்துறை வீதியில் இருபது நிமிடம் பஸ்சில் போய் வருவதற்கு மட்டும் என்றால் அந்தக் காசை மிச்சம் பிடிக்கலாம்.

பஸ்சிலும் வீட்டிலும் இதெல்லாம் சரி. வண்டி ஓட்டும்போது வேண்டாம், சைக்கிளிலும் வேண்டாம், தண்டவாளத்தைக் கடந்து நடக்கும்போதும் வேண்டாம். 2014 ஒக்டோபரில் ரயில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப வந்தது, 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை. இருபது வருடத்துக்கு மேல் ரயில் இல்லாமல் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு நடுவில் அது வந்தது, பாதுகாப்பற்ற கடவைகளில் எத்தனையோ உயிர்கள் போய்விட்டன, எங்கட பக்கத்துக் கடவைகளைக் கடக்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த நினைப்பு வரும். வெளிச்சத்தத்தை உள்ளே விடுகிற வசதி இருக்கிறதே என்று சொல்வார்கள். அதில் சத்தம் கேட்கும், எந்தப் பக்கத்திலிருந்து, எவ்வளவு கிட்ட என்பது வெறுங்காதில் கேட்கிற அளவுக்குப் பிடிபடாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு காதிலும் போட்டுக்கொண்டு சைக்கிளில் கடவையைக் கடப்பதைக் கண்டால் மறித்துச் சொல்லுங்கள், தெரியாத பிள்ளை என்று பார்க்க வேண்டாம்.

சத்தத்தின் அளவும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற பாதுகாப்பான எல்லை 80 டெசிபெல்லில் வாரத்துக்கு 40 மணித்தியாலம். மூன்று டெசிபெல் கூட்டினால் நேரம் பாதியாகும், 83 இல் 20 மணித்தியாலம், 86 இல் 10. மினிபஸ்சில் பாட்டுப் போட்டிருக்க, அதற்கு மேல் கேட்க வேண்டும் என்று நாங்கள் கூட்டுகிற சத்தம் 90 ஐத் தாண்டுவது லேசு. போனிலேயே சத்தத்துக்கு மேல் எல்லை ஒன்று வைக்கிற இடம் இருக்கிறது, பிள்ளைகளின் போனில் அதை இன்றைக்கே போட்டுவிடுங்கள். போன செவிப்புலன் திரும்பி வராது.

பராமரிப்பில் ஒரு விஷயம் மட்டும். ஒரு பக்கம் சத்தம் குறைந்தால் பழுது என்று எறிய வேண்டாம். ரப்பரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், நுனியில் இருக்கிற சின்ன வலையில் காதழுக்கு மஞ்சளாகப் படிந்து பாதித் துளைகளை மூடியிருக்கும். வலை கீழே பார்க்கப் பட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, காய்ந்த மெல்லிய பல்துலக்கியால் தட்டித் தட்டித் துடைத்தால் உதிர்ந்துவிடும். ஊசியால் குத்தினால் அழுக்கு உள்ளே போய்விடும். பிறகு பெட்டிக்குள் பட் உட்காருகிற குழியைப் பாருங்கள், பொன்னிறமான சின்ன முள்கள் இரண்டு மூன்று இருக்கும், எங்கட வேர்வையிலும் உப்புக் காற்றிலும் அவற்றில் பச்சையாகவோ கறுப்பாகவோ படியத் தொடங்கும், பிறகு ஒரு பக்கம் சார்ஜ் ஏறாது. நன்றாக வேர்த்த நாளில் துடைக்காமல் பெட்டிக்குள் போடுவதால் வருவது இது. ஐ.பி.எக்ஸ்.4 என்று எழுதியிருப்பது எந்தப் பக்கத்திலிருந்தும் தண்ணி தெறித்தால் தாங்கும் என்பதற்கு, அதை நல்ல தண்ணியில்தான் சோதிக்கிறார்கள், உப்பு வேர்வைக்கு அது உத்தரவாதம் அல்ல, சார்ஜ் பெட்டிக்குப் பெரும்பாலும் அந்தப் பாதுகாப்பும் இல்லை.

வாங்கப் போகும்போது கடைக்காரர்கள் சார்ஜ் பெட்டியின் மூடியைத் திறந்ததும் போன் திரையில் படம் வருவதைக் காட்டி "அக்கா, ஒறிஜினல்தான், பாருங்கோ" என்பார்கள். அந்தப் படம் போலிகளிலும் வரும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. உத்தரவாதத்தைத் தருவது இறக்குமதியாளரா கடையா, ஒரு பட் மட்டும் பழுதானால் மாற்றுவார்களா என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். ஆனால் காசு கொடுக்க முதல், காட்டுவதற்கென்று வைத்திருக்கிற சோடியைக் கேளுங்கள், பல கடைகளில் ஒன்று இருக்கும், ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டுத் தரச் சொல்லுங்கள். உங்கள் போனோடு இணைத்து, கடைக்குள் அல்ல, வாசலுக்கு வந்து, பஸ்சும் ஓட்டோவும் போகிற இடத்தில் நின்று வீட்டுக்கு ஒரு கோல் எடுங்கள். வழக்கமான குரலில் கதையுங்கள், கத்த வேண்டாம். அங்கேயிருந்து "என்ன, என்ன" என்று இரண்டு முறை கேட்டால் அதை வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள்.